மயில்சாமி நடக்கவில்லை

எங்கள் பவளமல்லி அடுக்ககத்தில் தரைக்கு வாய் முளைத்த பிறகு எனக்குப் பாதி வேலை மிச்சம். முன்பெல்லாம் யார் யார் வீட்டுக்கு மனதார வருகிறார்கள், யார் கடமைக்கு வருகிறார்கள் என்று முகத்தைப் பார்த்து நானே கணித்து நாலு பேருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. இப்போது தரையே சொல்லிவிடுகிறது. அதுவும் ரயில் நிலையத்து அறிவிப்புக் குரலில், மேல்மாடி வரைக்கும் கேட்கிற மாதிரி.

கோயமுத்தூரில் இன்னும் எல்லா இடத்துக்கும் நகர்தரை வந்துவிடவில்லை என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். நடைவழியிலும் வீட்டுக் கூடத்திலும் கட்டம் கட்டமாகப் பதித்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் தன்மேல் இருப்பதை அடுத்த கட்டத்துக்குக் கடத்திவிடும். உள்ளங்கையை நீட்டி “தள்ளு” என்றால் பொருள் நம்மைவிட்டு விலகிப் போகும். “இழு” என்றால் நம்மிடம் வரும். விளம்பரப் படத்தில் ஒரு பெண்மணி கையை நீட்டிச் சிரிக்க, கேஸ் சிலிண்டர் நல்ல பிள்ளையாகச் சமையலறைக்குப் போகும். மனிதர்களையும் அது கடத்தும் என்பதைப் படத்தில் போடவில்லை. குடிவந்த முதல் வாரத்திலேயே நாங்களே கண்டுபிடித்துக்கொண்டோம்.

செருப்பு ஸ்டாண்டு யார் வாசலில் இருக்க வேண்டும் என்ற விவாதத்தில் ஒருவரை ஜெனரேட்டர் அறை வரைக்கும் தள்ளிவிட்டார்கள். கோயமுத்தூர்க்காரர்கள் ஆயிற்றே, “தள்ளறனுங்க, கோவிச்சுக்காதீங்க” என்று சொல்லிவிட்டுத்தான் தள்ளினார்கள். அவரும் “அதுக்கென்னங்க, பரவால்லீங்க” என்று கும்பிட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார். ஆனால் மரியாதையை மட்டும் நம்பி எத்தனை நாள் ஓட்டுவது? விதி வேண்டும் என்றார்கள்.

விதி கைவசம் வைத்திருந்த ஒரே ஆள் சங்கச் செயலாளர் தாமோதரன். கல்லூரி விடுதியில் நண்பர்களோடு ஒரு விளையாட்டு விளையாடுவாராம். கட்டம் போட்ட தாளில் குட்டிக் குட்டிப் பொம்மைகளை நிறுத்தி, இருபது முகம் உள்ள பகடையை உருட்டி, ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ நடித்துச் சண்டை போடுவது. அந்த விளையாட்டில் ஒருவரை அவர் விருப்பமில்லாமல் நகர்த்துவதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டாம். தாமோதரன் அதை அப்படியே எடுத்து வந்து பொதுக்குழுவில் வாசித்தார். ராட்சசன், வேதாளம் என்று இருந்த இடங்களில் ‘குடியிருப்பாளர்’ என்று மாற்றினார்கள். மாற்றிய பிறகும் பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. கைதட்டி நிறைவேற்றிவிட்டோம்.

எனக்குப் பிடித்தது குறுக்குக் கேள்வி விதி. ஒருவர் தன் விருப்பத்தில் என் கதவையோ நான் இருக்கும் கட்டத்தையோ தாண்டிப் போனால், நான் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பதில் சொல்லும்வரை தரை அவரை விடாது. விளையாட்டில் அந்த இடத்தில் கத்தி வீசுவார்களாம். தாமோதரன் என்னைப் பார்த்துக்கொண்டே அதைக் கேள்வி என்று திருத்தினார். ஆனால் பிறர் தள்ளியோ இழுத்தோ போகிறவரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது. பாவம், அவரே விரும்பிப் போகவில்லையே.

அப்படியானால் விரும்பிப் போகிறாரா இல்லையா என்பது தரைக்குத் தெரிய வேண்டும் அல்லவா? அதற்குத்தான் வாய். ஒவ்வொரு நகர்வுக்கும் “சம்மத நகர்வு” அல்லது “கட்டாய நகர்வு” என்று அறிவிக்கும். அந்த வாயால் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. கீழ்வீட்டுக்கு விருந்துக்கு வந்த மாப்பிள்ளை ஊருக்குக் கிளம்பினார். மாமியார் முறைப்படி, “இன்னும் ரெண்டு நாளு இருந்துட்டுப் போறதுங்க மாப்பிள்ளை” என்று உபசாரத்துக்குக் கையை நீட்டி இழுத்தார். மாப்பிள்ளையும் முறைப்படி, “இல்லீங்க, வேல கெடக்குது” என்று பையை இறுக்கிப் பிடித்தார். தரை கணீரென்று சொன்னது: “சம்மத நகர்வு.” மாமியார் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மாப்பிள்ளை அதற்குப் பிறகு பத்து நாள் இருந்தார்.

மயில்சாமி விஷயத்துக்கு வருகிறேன்.

மயில்சாமிக்குப் பம்புசெட் உதிரிபாகப் பட்டறை. தங்கை பூங்கொடிக்கு எதிர் வீடு. கதவுக்குக் கதவு நேர் எதிர். இப்படி ஒன்றாகவே வாங்கிக் குடிவந்தவர்கள், பூங்கொடியின் கிரகப்பிரவேசத்தன்றே பிரிந்துபோனார்கள். காரணம் பந்தி. கூடப் பிறந்த ஒரே அண்ணனை அவள் இரண்டாம் பந்தியில், எலக்ட்ரீசியனுக்கும் பெயிண்டருக்கும் நடுவில் உட்கார வைத்துவிட்டாள்.

“நம்ம ஆளுதான, கொஞ்சம் பொறுத்துச் சாப்புடட்டும்னு நெனச்சேனுங்க்கா. வெளியாளுகள மொதல்ல கவனிக்கோணுமில்லீங்க?” என்று என்னிடம் எத்தனையோ முறை அழுதிருக்கிறாள்.

மயில்சாமிக்கு அது ஏறவில்லை. பாதி இலையில் எழுந்து, ஒறம்பரை, சொந்தபந்தம் அத்தனைக்கும் முன்னால், “இனி உன்ர ஊட்டு வாசப்படிய என்ர காலால மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு எதிர்க் கதவைச் சாத்திக்கொண்டார். எங்கள் பக்கத்தில் இந்த வார்த்தை லேசுப்பட்டதல்ல. சொன்னவரே நினைத்தாலும் திரும்ப வாங்க முடியாது. அவர் மனைவி தினமும் பூங்கொடி வீட்டுக்குப் போய்க் குழம்பு மாற்றிக்கொண்டு வருவாள். அவர் அதை உருட்டி உருட்டிச் சாப்பிடுவார். சாப்பிடுவது வாய், சபதம் போட்டது கால்.

இரண்டு வருடம் இப்படியே போனது. பூங்கொடிக்குப் பெண் குழந்தை பிறந்தது. வைத்த பெயர் ஒருவர் வாயிலும் நுழையாததால் பாப்பா என்றே கூப்பிடுகிறோம். இப்போது பாப்பாவுக்குக் காது குத்த வேண்டும். மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். இருப்பது ஒரே மாமன்.

“கோயில்ல வெச்சுக் குத்தீரலாமில்ல?” என்று நான் கேட்டேன்.

“கோயிலுக்கு யாரு வேணாலும் வருவாங்கக்கா. எங்கண்ணன் என்ர ஊட்டுக்கு வரோணும்” என்றாள்.

அவளுக்கு ஒரு யோசனை தோன்றித் தாமோதரன் வீட்டுக்குப் போனாள். நானும் கறிவேப்பிலை கேட்கும் சாக்கில் கூடவே போனேன்.

“ஏனுங் சார், ஒருத்தரத் தள்ளி உட்டா அவுரு நடந்ததா ஆகுமுங்களா?”

தாமோதரன் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டில் அவரிடம் யாரும் இதையெல்லாம் கேட்பதில்லை. “ஆகவே ஆகாதுங்க! அதுதாங்க அடிப்படையே. ஒரு ராட்சசன் உங்களத் தூக்கி எறிஞ்சான்னா, அது அவனோட வேல. உங்க நடை இல்ல. உங்க முறை வர்றப்ப உங்க நடை அப்படியே முழுசா மிச்சம் இருக்குமுங்க.”

“அப்ப எங்கண்ணனத் தள்ளி என்ர ஊட்டுக்குள்ள கொண்டாந்தா, அவுரு வாசப்படிய மிதிச்சதா ஆகாது?”

“மிதிச்சது தரைங்க. அவுரு இல்ல.” பிறகு விரலை உயர்த்தினார். “ஆனா ஒண்ணு. அவுருக்கு வர இஷ்டமில்லாம இருக்கோணும். இஷ்டம் இருந்துட்டா அது தள்ளு இல்லீங்க, சவாரி. நடந்த கணக்குல சேர்ந்துரும்.”

“இஷ்டம் இல்லாத மாதிரி நின்னா?”

“மாதிரியெல்லாம் பாதத்துகிட்ட நடக்காதுங்க. போகோணும்னு இருக்கறவனுக்குக் கட்டைவிரல் அழுந்தும். வேண்டாம்னு இருக்கறவனுக்குக் குதிகால் அழுந்தும். மூளை முடிவெடுக்கறதுக்கு முன்னாலயே பாதம் எடுத்துருது.”

பூங்கொடி சிரித்தாள். “எங்கண்ணனுக்கா இஷ்டம்? ரெண்டு வருசமா என்ர மூஞ்சியவே பாக்குல.”

ஞாயிற்றுக்கிழமை காலை பூங்கொடி வீட்டில் ஒறம்பரை நிறைந்திருந்தது. ஆசாரி கம்பியோடு தயாராக உட்கார்ந்திருந்தார். நான் என் நாற்காலியை நடைவழியில் வசதியான இடத்தில் போட்டுக்கொண்டேன். திட்டம் குழம்போடு சேர்ந்து முன்னாடியே எதிர் வீட்டுக்குப் போயிருந்தது. எதிர்க் கதவு திறந்தது. மயில்சாமி வெளியே வந்தார். புது வேட்டி, பட்டுத் துண்டு, நெற்றியில் சந்தனம், கையில் பாப்பாவுக்குத் தோடு வைத்த சின்னப் பெட்டி.

“எங்கீங்க, இத்தன ஜோரா?” என்றேன்.

“சும்மா, காத்தாட நிக்கலாம்னு” என்றார்.

பூங்கொடியின் கணவன் ஜெகநாதன் நல்ல பிள்ளை. மச்சானுக்குப் பின்னால் போய் நின்று, “மச்சான், தள்ளட்டுங்களா?” என்று கேட்டான்.

“அதக் கேக்காதீங்க மாப்பிள்ளை. நான் சரீன்னா சம்மதம் ஆயிரும்.”

“அப்ப வேண்டாமுங்களா?”

“அதையுங் கேக்காதீங்க!”

ஜெகநாதன் தயங்கித் தயங்கிக் கையை நீட்டித் தள்ளினான். ஒரு தள்ளுக்கு மூன்று கட்டம். மயில்சாமி மூன்று கட்டம் வழுக்கி வந்து நின்றார். தரை சொன்னது: “சம்மத நகர்வு.”

நடைவழி முழுக்கச் சிரிப்பு. மயில்சாமியின் காது சிவந்துவிட்டது. “தப்புங்க! நான் ஊண்டித்தான் நின்னேன்!”

“குதிகாலுக்குக் குடுங்க” என்றார் தாமோதரன். “எதாவது கெட்டதா நெனைங்க. மின்வெட்டு, வரி, அந்த மாதிரி.”

மயில்சாமி மறுபடி தன் கதவருகே போய் நின்று, கண்ணை மூடி, வரியை நினைத்துக்கொண்டார். தள்ளினார்கள். “சம்மத நகர்வு.” மூன்றாவது முறை கதவு நிலையையே கட்டிப் பிடித்துக்கொண்டார். கை நிலையில் இருந்தது. கட்டைவிரல்கள் இரண்டும் தங்கை வீட்டைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தன. “சம்மத நகர்வு” என்று தரை சொன்னபோது அதன் குரலிலேயே கொஞ்சம் சலிப்பு இருந்தது போல எனக்குப் பட்டது.

சம்மதம் என்று ஆகிவிட்டதால் எனக்குக் கேள்வி உரிமை வந்துவிட்டது. என் கட்டத்தின் ஓரமாக அவர் வந்து நின்றார், பதில் சொல்லாமல் நகர முடியாது. நான் கேட்டேன்: “ஏனுங் தம்பி, ரெண்டு வருசமாவே இப்படித்தானுங்களா?”

கேட்டிருக்க வேண்டாமோ என்னவோ. அவர் தலையைக் குனிந்து, “ஆமாங்க்கா” என்றார். தரை விட்டது. தோட்டுப் பெட்டியை ஜெகநாதன் கையில் திணித்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே வர இஷ்டம் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. அதனாலேயே உள்ளே வர முடியாது. வந்தால் சொன்ன வார்த்தை போச்சு. வார்த்தை போன ஆளை நாளைக்குப் பட்டறையில் யார் மதிப்பார்கள்?

ஆசாரி, நல்ல நேரம் தாண்டிக்கொண்டிருக்கிறது என்று தொண்டையைக் கனைத்தார். யாரோ, “வேற யாரு மடியிலயாவது வெச்சு முடிச்சுருங்க” என்றார்கள். பூங்கொடி குழந்தையைக் கீழே விட்டுவிட்டு எழுந்தாள். தன் வாசற்படிக்கு உட்புறமாக வந்து நின்று, எதிர்க் கதவைப் பார்த்துக் கத்தினாள்.

“அண்ணா! வெளிய வா! உன்ர கிட்ட ஒண்ணு சொல்லோணும்!”

கதவு திறந்தது. மயில்சாமி தன் வாசலைத் தாண்டி ஒரு கட்டம் வந்து நின்றார். கண் கலங்கித்தான் இருந்தது.

“அப்பா சாகறப்ப நீ அகமதாபாத்துல பம்பு கண்காட்சில இருந்தியே. அன்னைக்கு ராத்திரி பூரா நாந்தான் பக்கத்துல இருந்தேன். ஒருக்கா கூட அவரு உன்ர பேரச் சொல்லுல. அவன் வராததே நல்லதுன்னு சொன்னாரு. நீ மனசு வருத்தப்படுவேன்னு இத்தன நாளா சொல்லாம இருந்தேன்.”

நானே வாயை மூடிக்கொண்டேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மயில்சாமியின் முகம் மாறியதைவிட அவர் பாதம் மாறியதைத்தான் நான் பார்த்தேன். குதிகால் இரண்டும் தரையில் ஆணி அடித்த மாதிரி இறங்கின. “என்னடி சொன்ன?” என்றார். அவர் அவளை ‘டி’ போட்டுப் பேசி அன்றுதான் கேட்டேன்.

பூங்கொடி கையை நீட்டினாள். “இழு.”

“கட்டாய நகர்வு.”

மூன்று கட்டம். “உடுடீ! நான் வரமாட்டேன்! செத்தாலும் வரமாட்டேன்!” என்று அவர் நிஜமாகவே அலறினார்.

“முறை மாறுது!” என்று தாமோதரன் உற்சாகம் தாங்காமல் குதித்தார். “அடுத்தது ஜெகநாதன் சார்! அதுக்கடுத்தது மயில்சாமி சார்! ஜெகா, உட்றாதீங்க, அவுரு முறை வந்தா திரும்பி நடந்துருவாரு!”

“மன்னிச்சுக்கங்க மச்சான்” என்று ஜெகநாதன் மனைவியின் பக்கத்தில் நின்று இழுத்தான்.

“கட்டாய நகர்வு” என்றது தரை. வாசற்படிக்கு முந்தைய கட்டத்தில் ஒரு கணம் நின்று, “ஆபத்து எல்லை. விழும் உரிமை உண்டு. விழுகிறீர்களா?” என்று கேட்டது.

இது என்ன என்று பக்கத்துவீட்டம்மா கேட்க, தாமோதரன் அவசர அவசரமாக விளக்கினார். விளையாட்டில் ஒருவனைப் பள்ளத்தில் தள்ளினால், விளிம்பில் அவனுக்கு ஒரு கடைசி வாய்ப்பு உண்டாம். பகடையில் பத்தோ அதற்கு மேலோ விழுந்தால் அவன் அங்கேயே தொப்பென்று விழுந்து தப்பித்துக்கொள்ளலாம். “பள்ளம்தான் ஆகோணும்னு இல்லீங்க. போறவன் எதக் கண்டு உயிரே போற மாதிரி பயப்படறானோ, அது எல்லை.”

“விழறேன்! விழறேன்!” என்றார் மயில்சாமி.

“பகடை உருட்டப்பட்டது. ஏழு.”

தரை அவரை வாசற்படிக்கு மேலாகக் கடத்தி, கூடத்து நடுவில் ஆசாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது. தாமோதரன் கைதட்டினார். வேறு யாரும் தட்டவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

இப்போது மயில்சாமியின் முறை. அவர் தாராளமாகத் திரும்பிப் போகலாம். ஆனால் போக வேண்டுமானால் அந்த வாசற்படியைத் தன் காலால் மிதித்தாக வேண்டும். வரக் கூடாது என்று போட்ட சபதம், போகவும் விடவில்லை. மனிதர் கூட்டத்து நடுவில் திருவிழாவில் தொலைந்தவர் மாதிரி நின்றார். பாப்பா அத்தனை நேரமும் தரையில் தவழ்ந்துகொண்டிருந்தது; அதன் எடை தரைக்கு ஒரு பொருட்டே இல்லை. வந்து அவர் வேட்டியைப் பிடித்து எழுந்து நின்றது.

அவர் உட்கார்ந்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். ஆசாரி கம்பியை எடுத்தபோது தலையைத் தன் நெஞ்சோடு அணைத்து, கண்ணைத் தன் உள்ளங்கையால் மறைத்தார். பாப்பா அழுத அழுகைக்கு அவர் உதடு துடித்தது. தங்கையை மட்டும் ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பூங்கொடி சுவரோரமாக நின்று, நினைத்ததைச் சாதித்துவிட்ட முகம் இல்லாமல், எதையோ உடைத்துவிட்ட முகத்தோடு இருந்தாள்.

முடிந்ததும் குழந்தையை ஜெகநாதனிடம் கொடுத்துவிட்டு மயில்சாமி எழுந்தார். வாசலைப் பார்த்து நின்றுகொண்டு, “தள்ளுங்க மாப்பிள்ளை. நான் போகோணும்” என்றார்.

“உங்க தங்கச்சியே தள்ளட்டுங்க மச்சான்” என்று அவன் ஒதுங்கிக்கொண்டான். அவனுக்கும் அவள்மேல் கோபம்தான் போல.

பூங்கொடி பின்னால் வந்து நின்றாள். கை நீட்டுவதற்கு முன்னால் பேசினாள். குரல் எனக்கே கஷ்டப்பட்டுத்தான் கேட்டது.

“பொய்யிண்ணா. உன்ன வரவெக்க வேற வழி தெரியுல. அப்பா உன்னத்தான் கேட்டுட்டே இருந்தாரு. கண்ணு சரியாத் தெரியுல அவருக்கு. என்ன நீயின்னு நெனச்சுட்டு ‘மயிலு வந்துட்டியா’ன்னாரு. நானும் ‘வந்துட்டேம்ப்பா’ன்னு சொன்னேன். அதுக்கப்பறந்தான் தூங்குனாரு.”

மயில்சாமி திரும்பவில்லை.

“நீ போகோணும்னா போ. தள்ளிடறேன்.” மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையை நீட்டினாள். “தள்ளு.”

கட்டம் ஒன்று நகர்ந்தது. தரை அறிவித்தது.

“கட்டாய நகர்வு.”

விதி தெரிந்த எல்லோருக்கும் புரிந்துவிட்டது. இந்த அடுக்ககத்தில் விதி தெரியாதவர் யாரும் இல்லை. மயில்சாமியின் கண்ணிலிருந்து கண்ணீர் இறங்கியது; நெற்றிச் சந்தனம் மட்டும்தான் கரையவில்லை.

“தரையில ஏதோ கோளாறுங்க” என்றார் யாரிடமென்று இல்லாமல்.

“ஆமாங்க, கோளாறேதானுங்க” என்று எல்லோரும் சேர்ந்து சொன்னோம். நாங்கள் மரியாதை தெரிந்தவர்கள்.

கோளாறுக்கு மரியாதை தெரியாது. வாசற்படிக்கு முந்தைய கட்டத்தில் நின்று, “ஆபத்து எல்லை. விழும் உரிமை உண்டு. விழுகிறீர்களா?” என்று கேட்டது. எதிரே என்ன ஆபத்து இருக்கிறது என்று எட்டிப் பார்த்தேன். நடைவழிக்கு அந்தப்புறம் அவருடைய சொந்த வீடு, கதவு திறந்தபடி.

“விழறேன்” என்றார், மெல்ல.

“பகடை உருட்டப்பட்டது. நான்கு.”

பூங்கொடி கண்ணை மூடிக்கொண்டாள். தரை ஒரு முறை உறுமியது. பிறகு நின்றுவிட்டது.

“முன்கட்டத்தில் ஆள் உள்ளார். நகர்வு இயலாது.”

அந்த ஆள் நான்தான். உள்ளே என்ன நடக்கிறது என்று சரியாகத் தெரியவில்லையே என்று நாற்காலியை விட்டு எழுந்து, கொஞ்சம் கொஞ்சமாக வந்து, வாசற்படிக்கு வெளியே இருக்கிற கட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். மயில்சாமிக்கும் எனக்கும் நடுவில் அந்தப் படி மட்டும். தள்ளப்படுகிற ஒருவரை ஆள் இருக்கிற கட்டத்துக்குள் திணிக்க முடியாது என்று தாமோதரன் பின்னாலிருந்து யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட்டு, “அக்கா, கொஞ்சம் ஒதுங்கிக்கங்க. அவுரு போகோணுமில்லீங்க” என்றார்.

கட்டாய நகர்வில் இருப்பவரிடம் கேள்வி கேட்கக் கூடாது. எனக்கும் கேட்க ஒன்றும் இருக்கவில்லை. என் குதிகாலைத் தரையில் நன்றாக ஊன்றிக்கொண்டேன்.

“எனக்கு முட்டி புடிச்சுக்கிச்சுங்க தாமோதரன்” என்றேன். “இப்போதைக்கு நகர முடியாது. நீங்க வேணா எல்லாத்தையும் கூட்டீட்டுக் கீழ போங்க.”

மயில்சாமி என்னைப் பார்த்தார். நான் நடைவழி விளக்கைப் பார்த்தேன்.

உள்ளே பூங்கொடி கேட்டாள்: “அப்ப அக்கா நகர்ற வரைக்கும்… காப்பி வெக்கட்டாண்ணா?”

அவர் திரும்பாமலே தலையை ஆட்டினார்.

“சக்கர கம்மியா” என்றார்.